கல்லறைத் தோட்டத்துக்குப் புதுப் பாதை

இன்று மதியம் உக்கடத்தில் பஸ் மாறி எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். "சீரமைப்பு முடிஞ்சுதுங்ணா, வந்து பாருங்க" என்று அருள் போன் செய்திருந்தான்.

1930களில் பஞ்சாலை வேலைக்கு வந்து இங்கேயே இறந்துபோனவர்களின் கல்லறைகள் அவை. இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் நானும் அருளும் முள்ளை வெட்டி, பாசியைத் தேய்த்து, ஒவ்வொரு பெயராக வெளியே கொண்டுவந்தோம்.

உள்ளே போனால் பெயர் எழுதிய கற்களைக் காணோம். வாசலிலிருந்து சிலுவை வரை புதிதாக ஒரு நடைபாதை.

"கல்லெல்லாம் எங்கடா?" வாசலில் காத்திருந்த அருளிடம் கேட்டேன்.

"கோவிச்சுக்காதீங்ணா. கவுத்துப் போட்டு அதுலதான் பாதை செஞ்சிருக்குதுங்க. கல்லறைத் தோட்டக் கமிட்டில நாங்க எல்லாருஞ் சேர்ந்து முடிவு பண்ணிப்போட்டோம். இப்ப ஆருங்ணா அதையெல்லாம் படிக்கிறாங்க?"

ஓரத்தில் ஒரே ஒரு கல் மட்டும் புதுப் பெயிண்டோடு, கம்பிவேலிக்குள் நின்றது.

"அது?"

"அது எங்கூட்டுக் கல்லுங்ணா."

அவனுடைய கொள்ளுத்தாத்தா. அந்தப் பெயரைத் தேய்த்தெடுத்தது நான். அன்று என் தோளில் சாய்ந்து அழுதவன் அவன்.

பாதையில் கால் வைக்காமல் புல்லிலேயே நடந்து வெளியே வந்துவிட்டேன்.

நாளைக் காலை கடப்பாரையோடு போகிறேன். வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். செருப்பை மட்டும் வாசலிலேயே கழற்றிவிடுங்கள், பாதை முழுக்க நம் ஆட்கள்தான் குப்புறக் கிடக்கிறார்கள்.