சட்டிக்கு வரி

பழுகாமத்திலிருந்து தயிர் கொண்டுபோய் வாவிக்கு அப்பால் விற்பேன். ஓடத்தில் ஏறும் ஒவ்வொரு சட்டிக்கும் கிராமசபை வரியைக் கூட்டியது. எனக்கு மிஞ்ச ஒன்றுமில்லை. ஓடத்தில் போவதை விட்டேன். கூடையைத் தலையில் வைத்து, ஒடுங்கிய இடமாகப் பார்த்து, மார்பளவு தண்ணீரில் நடந்து கடந்தேன்.

ஒருநாள், துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஓடக்காரன் கூப்பிட்டான்.

"அக்கா, அதால இறங்காதீங்க. முதலை கிடக்கு."

"அதுக்கும் வரி போட்டாச்சோ?" என்று கேட்டுவிட்டு இறங்கினேன்.

பாதி வழியில், பின்னால் நீந்தி வந்த என் நாய் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போனது. மேலே வரவில்லை. நான் அசையாமல் நின்றேன்.

அவன்தான் ஓடத்தைக் கொண்டுவந்து என்னைத் தூக்கினான். கரையில் சட்டிகளைப் பார்த்தான்.

"வரி வரிதான் அக்கா. விட்டா என்ட குத்தகை போயிரும்."

கொடுத்தேன்.

இப்போது ஓடத்தில்தான் போகிறேன். வரி குறையவில்லை. கூடையோடு தண்ணீரில் இறங்கும் தலைகள்தான் கூடுகின்றன. அவை கரையேறும்வரை எண்ணிக்கொண்டிருப்பேன்.