கணுக்கால் வரை

அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் கணுக்காலுக்கு மேல் வெள்ளம் வரவில்லையாம். பன்னிரண்டு வீடு முடித்திருந்தேன். பன்னிரண்டிலும் அதே விடை. எல்லாரும் கூடிக் கதைத்து வைத்துக்கொண்டு எனக்குச் சொல்கிறார்கள் என்று பற்றிக்கொண்டு வந்தது.

பிரதேச செயலகக் கந்தோரில் எனக்கு அனர்த்தப் பிரிவில் வேலை. போன மாரியில் வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று கடலேரிக் கரையில் வீடுவீடாகக் கேட்டு எழுதவேண்டும். அடுத்த மாரியில் யாரை முதலில் ஏற்ற வாகனம் அனுப்புவது என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். தண்ணீர் கூட ஏறிய இடம் என்று காட்டிக் காணியை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்று சனம் நினைத்தது. படிவத்தில் அப்படி எதுவும் இல்லை. இல்லாததைத்தான் அவர்கள் கூடுதலாக வாசித்தார்கள்.

பதின்மூன்றாவது வீட்டில் ஓர் அக்கா தனியாக இருந்தார். முழங்கால் வாதம், தடியூன்றித்தான் நடப்பார். வாகனம் வராவிட்டால் தப்பமாட்டார்.

"கணுக்கால்தான் பிள்ளை. வந்த கையோடை வடிஞ்சிட்டுது."

மற்ற வீடுகளைப் போலவே சுவரில் இடுப்பளவுக்குப் புதுச் சுண்ணாம்பு. அதற்கு மேல் பழைய மஞ்சள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறவர்கள் பாதிச் சுவரோடு நிறுத்தி நான் கண்டதில்லை.

"மேலை ஏன் அடிக்கேல்லை அக்கா?"

"சுண்ணாம்பு முடிஞ்சுது."

"எல்லா வீட்டிலையும் இடுப்போடையோ முடிஞ்சுது?"

 கூரை வளையில் ஒரு பொலித்தீன் பை தொங்கியது. அதற்குள் காணி உறுதிப் பத்திரம் தெரிந்தது. பையை நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"உங்கடை வீட்டுக்கை எவ்வளவு வந்தது?"

"கணுக்கால்தான் அக்கா." யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது. பொய். எங்கள் குசினியில் அடுப்பு மூழ்கிக் கிடந்தது. அதற்கு முந்திய கிழமை எங்கள் வீட்டுக்கு வந்த உத்தியோகத்தரிடமும் இதையேதான் சொல்லியிருந்தேன்.

அவர் தடியால் சுவரைக் காட்டினார். "வெள்ளையடிச்சாச்சோ?"

எனக்கு வெட்கமாக இருந்தது. படிவத்தில் இடுப்பு என்று அடையாளமிட்டேன். பேனை போன இடத்தை அவர் கண்டுவிட்டார்.

"இருபது வருசம் இடம்பெயர்ந்து ஆரோ ஆக்களின்ரை வீடுகளிலை இருந்திட்டு வந்தனான், பிள்ளை."

"உங்களை ஏத்த வாகனம் வரும் அக்கா. அதுக்குத்தான் எழுதுறன்."

"ஓம், வரும். திருப்பிக் கொண்டுவந்து விடுமோ?"

அதற்குப் படிவத்தில் இடமில்லை. அவர் படலைவரை வரவில்லை. நானே சாத்திவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டுக்கு வந்த உத்தியோகத்தர் எனக்குப் பக்கத்து மேசைதான். திருத்திவிடுங்கோ என்று ஒரு சொல் சொன்னால் போதும். அடுத்த மாரி நெருங்கிவிட்டது. அந்த அக்காவின் பெயர் வாகனப் பட்டியலில் முதலாவதாக இருக்கிறது. எங்கள் வீட்டுப் படிவத்தில் இன்னும் கணுக்கால்தான்.