மெஷின் விழுங்கிய கார்டு

அறையில் இருந்தது நான், செல்வம், பாண்டி, ராசு. நால்வருக்கும் ஒரே கம்பெனி. கவரில் தந்த சம்பளத்தை நிறுத்தி ஏ.டி.எம். கார்டு கொடுத்த புதிது. ஷிப்டு முடிந்தவன் எல்லார் கார்டையும் ஸ்ரீபெரும்புதூர் கொண்டுபோய்ப் பணம் எடுத்து வருவான். அன்று என் முறை.

"ஏலே மாரி, அம்மாவுக்கு நாளைக்கு ஆப்பரேசன். என் பணத்தை மறந்துராத," என்றான் செல்வம்.

வரிசையாக அடுக்கிய கார்டுகள் பஸ்ஸில் கொட்டிவிட்டன. அதில் இருந்த இங்கிலீஷ் பெயர்களை எனக்குப் படிக்கத் தெரியாது. செல்வம் கார்டைக் கெடுக்கக் கூடாதென்று முதலில் என்னுடையது என்று நினைத்ததைப் போட்டு, என் நம்பரை அழுத்தினேன். தப்பு என்றது. மூன்று தடவை அழுத்தினேன். கார்டு வெளியே வரவில்லை.

"இன்னாபா, மூணு தபா தப்பா போட்டா முழுங்கிடும்," என்றார் காவலாளி.

பேங்குக்கு ஓடினேன். நால்வர் பெயரையும் கேட்டு, மீதிக் கார்டுகளைப் பார்த்துவிட்டு, "உள்ளே போனது செல்வம் கார்டு. அடுத்தவன் கார்டை நீ தொடவே கூடாது, அது ரூல். அவரே வரணும், கார்டு கிடைக்க நாலு நாள் ஆகும்," என்றார்கள். அதை ஏன் கார்டு கொடுத்த அன்றே சொல்லவில்லை? இன்றும் புரியவில்லை.

நாங்கள் மூவரும் எங்கள் சம்பளத்தை எடுத்துக் கொடுத்து, அன்றே செல்வத்தை ஊருக்கு அனுப்பினோம். அம்மா பிழைத்தார்.

இப்போது அவரவர் கார்டு அவரவர் கையில். கார்டில் இருக்கும் என் முழுப் பெயரை இங்கிலீஷில் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஒன்பது எழுத்து.