போதும் என்கிற நிங்கராஜு

மூன்றாவது தேங்காயைத் தட்டிப் பார்த்ததுமே நிங்கராஜு அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் பன்னிரண்டாவதைக் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். "சட்னிக்குத்தானே? போதும், வாங்க," என்றார். மல்லேசுவரம் சந்தைக்கு அவரோடு போனால் கால் மணி நேரத்தில் திரும்பிவிடலாம். பேரம் பேசுகிற சுகம்தான் கிடைக்காது.

மண்டியாக்காரர். வயது நாற்பத்தாறு. இருக்கையில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார். யோசிக்கும்போது கால் கட்டைவிரல்கள் மட்டும் ஆடும். பக்கத்து இருக்கைக்காரனான எனக்கு அது பழகிவிட்டது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவர் வேலையும் இதே குணத்தில்தான் நடக்கிறது. கைபேசிக் கோபுரம் செய்தியை நூற்றுக்கணக்கான சின்ன அலைகளில் ஏற்றி ஒன்றாக அனுப்புகிறது. எல்லா அலைகளும் ஒரே கணத்தில் தலைதூக்கினால் அலையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் தாங்காது, உச்சியை நசுக்கிவிடும். சில அலைக் கூட்டங்களைத் தலைகீழாகத் திருப்பினால் உச்சம் அடங்கும். எவற்றைத் திருப்புவது என்பதில்தான் சண்டை. எங்களோடு வேலை செய்யும் வந்தனா ஷெட்டி எல்லா வழிகளையும் கணக்கிட்டு ஆகச் சிறந்ததை எடுப்பவர். நிங்கராஜு ஒவ்வொரு கூட்டமாகத் திருப்பிப் பார்ப்பார். உச்சம் குறைந்தால் அப்படியே விடுவார், இல்லையென்றால் பழையபடி வைப்பார். குறித்த கோட்டுக்குக் கீழே வந்ததும் நிறுத்திவிடுவார்.

இது சோம்பேறிக் கணக்கு என்பது வந்தனாவின் கிண்டல். "ஆமாம்மா, சோம்பேறிதான். உங்க கணக்கு முடியறதுக்குள்ள பேட்டரி செத்துடும்," என்பார் இவர்.

போன வாரம் சோதனை. சூரிய ஒளி மின்சாரத்தில் ஓடும் மலைக் கோபுரங்களுக்கு இவருடைய முறையை எடுப்பதா என்று அன்று முடிவாக வேண்டும். சொதப்பினால் மூன்று வருட உழைப்பை மூட்டை கட்டிவிடலாம் என்று தலைமைப் பொறியாளர் பெல்லியப்பா முன்பே சொல்லியிருந்தார். அலைகளை அனுப்பும் பெட்டியை இவர் முறையில் இயக்கினோம். உச்சம் கோட்டுக்குக் கீழேயே நின்றது, பெட்டி சூடாகவே இல்லை. ஆனால் செய்தியை வாங்கிப் படிக்கும் எதிர்முனையில் வந்து சேர்ந்தது அத்தனையும் குப்பை.

எதிர்முனையின் நிரல் வந்தனா எழுதியது. தன் முறை ஜெயிக்க வேண்டுமென்று அலட்சியமாக இருந்துவிட்டாரா என்று பெல்லியப்பா எல்லார் முன்னும் கேட்டார். வந்தனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே அவமானமாக இருந்தது.

எந்தக் கூட்டங்களைத் திருப்பினோம் என்ற குறிப்பும் செய்தியோடு போக வேண்டும். அதை வைத்துத்தான் எதிர்முனை அவற்றை நிமிர்த்திப் படிக்கும். உச்சத்தை மட்டும் அளக்கும் நாட்களில் அந்தக் குறிப்பை நிறுத்திவைப்பது எங்கள் வழக்கம். முந்தின நாள் நிறுத்திய நிங்கராஜு, திரும்பப் போட மறந்திருந்தார். அவர் திரையில், குறிப்பை நிறுத்திவைத்த அந்த வரியை நானும் பார்த்தேன். ஒரே ஒரு சொல்லை மாற்றி மறுபடி ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும், பழி வந்தனாவின் பேரில் நிற்கும், யாருக்கும் தெரியாது.

அவர் கால் விரல்கள் ஆடவில்லை.

"சார், அவங்களைக் கேக்காதீங்க," என்றார். மடிக்கணினியைப் பெல்லியப்பா பக்கம் திருப்பி, அந்த வரியின் மேல் விரலை வைத்தார். பெல்லியப்பா படித்து முடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை.