உப்புப் படிந்த கண்ணாடிச் சுவர்

நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து கோர்வையாக வராது, மறதியும் உண்டு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூர் கடலோரத்தில் ஒரு விசைப்படகுக்காரர் வீடு கட்டினார். காசிமேட்டிலிருந்து தன் படகில் இன்றும் தானே தொழிலுக்குப் போகிறவர். மாடியில் கடல் பக்கம் செங்கல்லே கிடையாது. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. தெற்கே கடலோரப் பங்களாக்களைப் பார்த்து வந்த ஆசை. "எம் பொண்டாட்டி ராணி மாரி குந்திகினு கடல் பாக்கணும்" என்று எஞ்சினியரிடம் சொன்னாராம். வெளியே குறுகலான நடையில் நின்று அதைத் துடைக்க என்னை வைத்தார்கள். இரண்டு நாள் விட்டால் உப்பு வெள்ளையாகப் படியும், அதன்மேல் துறைமுகத்துக் கரித்தூள்.

எங்கள் தெருவில் கடல் பக்கத்துச் சுவரில் சன்னலைச் சிறிதாகத்தான் வைப்போம். உப்புக் காற்றுக்காக என்போம். ஆனால் ஆண்கள் கடலில் இருக்கும்போது நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் இல்லை.

அவர் கடலுக்குப் போன மூன்றாம் நாள், அவர் மனைவி என் கையிலிருந்த துணியைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடைக்காத ஆயா. அவுரு கடல்ல கீறாரு. ஒவ்வொரு அலையா பாத்துகினு எப்டி குந்தறது?"

விட்டுவிட்டேன். கண்ணாடி மங்க மங்க, அதுவரை அந்த அறைக்கே வராதவள் அங்கே உட்கார்ந்து பூண்டு உரித்தாள்.

பத்தாம் நாள் அவர் வந்தார். "இன்னா ஆயா, கண்ணாடி தொடச்சியா, கருவாட்டுக்கு உப்பு போட்டியா?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவள்தான் உள்ளிருந்து வந்தாள்.

"யோவ், ஆயாவ கேக்காத. நான்தான் வேணான்னேன். நீ கடல்ல கீற சொல்லோ எனுக்கு அந்தக் கடலு வேணாம்."

"உனுக்காகத்தான்டி கட்டுனேன்!"

"நீ வூட்ல கீறப்போ காட்டு, பாக்கறேன்."

அவர் வெளியே போய்க் கண்ணாடியில் நகத்தால் உப்பைச் சுரண்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், "நான் கரை வந்துட்டேன்னு போன் வரும். அப்ப வந்து தொடச்சி வுடு" என்றார்.

அப்படித்தான் இன்றும் நடக்கிறது. இவ்வளவு பெரிய வீட்டுக்காரர்களுக்குக் கண்ணாடி துடைக்க ஆளில்லையா என்று தெருவில் கேட்கிறார்கள். நான் வாய் திறப்பதில்லை.

அன்று அவர் வந்தது பத்தாம் நாளா, பன்னிரண்டாம் நாளா என்று இப்போது குழப்பம். அந்தக் கண்ணாடிக்கு எஞ்சினியர் சொன்ன பெயரும் மறந்துவிட்டது. அவளிடம் கேட்க எனக்குக் கூச்சம். யாராவது கேட்டுச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள்.