நர்சம்மா இளைத்த கதை

இன்னும் ஆறு மாதம் முயன்றிருந்தால் ஆபரேஷன் இல்லாமலேயே இளைத்திருப்பேனா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. நூற்றுப் பதினெட்டு கிலோவிலிருந்து எண்பத்தொன்றுக்கு வந்திருக்கிறேன். முட்டி வலி போய்விட்டது. பிரஷர் மாத்திரையை டாக்டரே நிறுத்திவிட்டார். ஆனாலும் துணி மடிக்கும்போதோ, பஸ்ஸுக்கு நிற்கும்போதோ இந்தக் கேள்வி வந்துவிடும்.

நான் கிராம சுகாதார செவிலியர். வீடு வேங்கிக்காலில். வேலை, கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு கிராமத்தின் துணை சுகாதார நிலையத்தில். ஊரில் பலருக்கு என் பெயரே தெரியாது. எல்லோருக்கும் 'நர்சம்மா'தான். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, மாதாமாதம் எடை பார்ப்பது, புதன்கிழமைகளில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, சாப்பாட்டைப் பற்றி ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கைகளுக்குப் பயன்படலாம் என்று நடந்ததை எழுதுகிறேன்.

1. பேஷண்ட் யார்?

செல்விக்கு அது இரண்டாவது பிரசவம். ஊருக்கு வெளியே நிலத்திலேயே வீடு. கணவர் பெங்களூரில் கட்டட வேலை. செல்விக்கு எடை கொஞ்சம் ஜாஸ்தி, சர்க்கரையும் எல்லையில் நின்றது. ஒவ்வொரு மாதமும் மெஷினில் ஏற்றிவிட்டு நான் சத்தம் போடுவேன்.

"ஒரே மாசத்துல மூணு கிலோ ஏறியிருக்குது செல்வி. சோத்தக் கம்மி பண்ணு. வாயக் கட்டுன்னா கட்ட மாட்டியா?"

அவள் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்ப்பாள். யாராவது இருக்கும்போது நான் அந்த மெஷினில் ஏறியதே கிடையாது.

வலி வந்த அன்று காலையில் சாந்தி அக்கா போன் செய்தார். அவர் அந்த ஊரின் சுகாதாரத் தன்னார்வலர், எனக்கு வலது கை. ஆம்புலன்ஸ் தார் ரோடு வரைக்கும்தான் வரும். செல்வி வீட்டிலிருந்து ரோட்டுக்கு வரப்பு மேல் நடந்துதான் வர வேண்டும். நான் போய்ச் செல்வியை எழுப்பி நடத்தி அழைத்து வந்தேன் என்று எழுதத்தான் ஆசை. நடந்தது வேறு. சாந்தி அக்காவும் செல்வியும் முன்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். நான் பாதி வரப்பில் நின்றுவிட்டேன். மூச்சு மேலும் கீழும் வாங்கியது.

செல்வி திரும்பிப் பார்த்தாள். வலி விட்ட நேரம் போலிருக்கிறது, எனக்காக நின்றாள்.

"மெதுவா வாங்க நர்சம்மா. ஒண்ணும் அவசரமில்ல. அந்தப் பைய இப்பிடிக் குடுங்க, நான் எடுத்துக்கறேன்."

"அடியே, உனக்குத்தாண்டி பிரசவம்!" என்று சாந்தி அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

ரோட்டுக்கு வந்ததும் ஆம்புலன்ஸில் வந்த தம்பி கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். செல்வியைத் தாண்டி நேராக என்னிடம் வந்து கையை நீட்டினான். "பாத்து ஏறுங்கம்மா. இது எத்தனாவது மாசம்?"

செல்வி வலியிலும் சிரித்தாள். நானும் சிரித்தேன். மதியம் அவளுக்கு ஆண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பாதி வரப்பில் நான் விழுந்திருந்தால் அவளை யார் பார்த்திருப்பார்கள்?

2. முடிவு

மூன்று வருடமாக நான் எதுவும் செய்யாமல் இல்லை. விடியற்காலையில் கிரிவலப் பாதையில் நடந்தேன். இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். ஒரு பொடியை வெந்நீரில் கலந்து குடித்தேன். ஆறு கிலோ குறைந்தால் எட்டு கிலோ ஏறியது. கடைசியில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மாதான், "ஒரு தடவ சர்ஜனப் போய்ப் பாரேன்" என்றார்.

சென்னையில் நாங்கள் பார்த்த சர்ஜன் ஒளித்து எதுவும் பேசவில்லை. இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விடுவார்களாம். ஸ்லீவ் சர்ஜரி என்று பெயர்.

"வெட்டினத ஒட்ட வைக்க முடியாதும்மா. ஆயுசுக்கும் வைட்டமின் மாத்திர, வருஷா வருஷம் ரத்த டெஸ்ட். ஒன்றரை வருஷத்துக்குக் கர்ப்பம் கூடாது. சாப்பாட்ட மறுபடி கவனிக்காம விட்டா எடை திரும்ப ஏறும். இதெல்லாம் சம்மதம்னா வாங்க. இல்லன்னா வேணாம், நான் கோவிச்சுக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் நடுவில் கோடு போட்டேன். ஒரு பக்கம் செய்துகொள்ளக் காரணம், மறுபக்கம் வேண்டாம் என்பதற்குக் காரணம். எழுதி முடித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்திலும் முதல் வரி ஒன்றுதான், என் மகளைப் பற்றி: 'யாழினிக்கு ஐந்து வயது.'

மாமியாருக்குப் பிடிக்கவில்லை. "நல்லா இருக்கற வயித்த எதுக்குப் போய் அறுக்கணும்?"

"நல்லா இருந்தா ஏம்மா அறுக்கப் போறா?" என்றார் என் கணவர் குமரேசன். பிறகு என்னிடம், "நீ பயந்தா வேணாம். பயந்துகிட்டே பண்ணிக்கறதுன்னாலும் சரி, நான் கூட வரேன்" என்றார். நான் பயந்துகொண்டே போனேன்.

3. சொப்புச் சாமான்

வலியை எதிர்பார்த்திருந்தேன். அது நான்கைந்து நாளில் அடங்கிவிட்டது. எதிர்பார்க்காதது மற்றதெல்லாம். முதல் இரண்டு வாரம் தண்ணீர் ஆகாரம் மட்டும், அதுவும் ஒவ்வொரு மடக்காக. பிறகு கூழாக்கிய சாப்பாடு. அடுத்த வீட்டில் வெண்பொங்கல் தாளிக்கும் வாசனைக்கு நான் அழுதிருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தபோது சிரிப்பு வரவில்லை. 'தப்புப் பண்ணிட்டோமோ' என்று ராத்திரி பகலாக யோசித்தேன். டாக்டர் முன்பே சொன்னதுதான், முடி திரும்ப வளரவும் தொடங்கிவிட்டது. ஆனாலும் அந்த இரண்டு மாதம் கண்ணாடியைத் தவிர்த்தேன்.

எந்தக் கிண்ணத்தில் போட்டாலும் சாப்பாடு ஜாஸ்தியாகவே தெரிந்தது. இரண்டு வாய்க்கு மேல் போனால் நெஞ்சடைத்தது. யாழினி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளே ஓடிப்போய்த் தன் சொப்புச் சாமான் பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். ஒரு குட்டிக் கிண்ணத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அம்மா, ஒனக்கு இது போதும். என் பொம்மைக்கும் இதுலதான் போடுவேன். அது ஃபுல்லா சாப்டும், ஒழுங்கா."

அன்றிலிருந்து அந்தக் கிண்ணம்தான் என் அளவு. முதன்முதலாக ஒரு முழு இட்லியை அரைமணி நேரம் மென்று முடித்த அன்று மாமியார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "இந்த நேரத்துல நான் ஒரு பானை மாவே ஊத்தி முடிச்சிருப்பேன்." சொல்லிவிட்டு எனக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

4. பதினான்காவது பெயர்

ஒன்றரை மாத லீவு முடிந்து வேலைக்குப் போனேன். எங்கள் டாக்டரம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். ஊரில் கேட்டவர்களிடம், "சென்னைக்கு ட்ரீட்மெண்டுக்குப் போயிருந்தேன்" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். பொய் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லவும் பயம். அளவாகச் சாப்பிடுங்கள், நடங்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறவளே வயிற்றை வெட்டிக்கொண்டு வந்தால் நாளைக்கு என் பேச்சை யார் கேட்பார்கள்? இரும்புச்சத்து மாத்திரையிலிருந்து தடுப்பூசி வரை இந்த வேலை முழுவதும் அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

இதில் நான் மறந்துபோன ஒன்று உண்டு. எங்கள் வேலையில் எந்தக் கர்ப்பிணியும் விட்டுப்போகக் கூடாது. மூன்று மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆனால் கண் பட்டுவிடும் என்று பெண்கள் முதலில் சொல்லவே மாட்டார்கள். அதனால் சாந்தி அக்காவுக்கு நானே ஒரு பாடம் நடத்தி வைத்திருந்தேன்: "வாந்தி, சாப்பாடு கம்மி, பகல்ல அசதி, புளிப்பா எதையாவது குடிக்கறது. இதுல மூணு இருந்தா பேர எழுதிடுங்கக்கா. கேக்காதீங்க. கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க."

வேலைக்குத் திரும்பிய நான் எலுமிச்சைத் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தேன். யார் வீட்டில் எது கொடுத்தாலும் ஒரு வாயோடு நிறுத்தினேன். மதியத்தில் சோர்ந்து உட்கார்ந்தேன். ஒருநாள் அவசரமாக வடையை விழுங்கிவிட்டு, நிலையத்தின் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். சாந்தி அக்கா என் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை, அவர் நோட்டில் எழுதிக் கொடுத்த பட்டியலைப் பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பதினான்காவது பெயருக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. 'நர்சம்மா. வயது 31. இரண்டாவது கர்ப்பம். ஐந்து மாதம். தாமதப் பதிவு. காரணம்: மறைக்கிறார்.'

"அக்கா!" என்று கத்திக்கொண்டே நிமிர்ந்தால், வாசலில் ஏழெட்டுப் பெண்கள் கையில் தூக்குச் சட்டியோடு நிற்கிறார்கள். புளி சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். கர்ப்பிணிக்குச் செய்து தருகிற கலவை சாதம். நான் லீவு போட்ட நாளிலிருந்து எண்ணி, ஐந்தாம் மாதம் என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஆள் இளைத்திருக்கிறாரே, வயிறும் தெரியவில்லையே என்று ஒருத்தி சந்தேகப்பட்டதற்கு, "மசக்கையில இளைக்கத்தான் செய்யும். உடம்புக்காரிக்கு வயிறு தெரியாதுடி" என்று சாந்தி அக்கா தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். கையில் குழந்தையோடு செல்வியும் நின்றாள்.

"இன்னாக்கா இது?" என்று சாந்தி அக்காவிடம் நோட்டைக் காட்டினேன்.

"நீங்கதானே சொன்னீங்க? கேக்காத, கேட்டா மறைப்பாங்கன்னு. நான் கேக்கல."

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. அவர்கள் அரிசி ஊற வைத்து, புளி கரைத்து, வெயிலில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

ஒருத்தி கேட்டாள், "அப்ப கொழந்த இல்லியா?"

"இல்ல."

"வயிறும் இல்லியா?"

"கொஞ்சூண்டு இருக்குது."

அவ்வளவுதான், சிரிப்பு வெடித்துவிட்டது. "கொஞ்சூண்டு வயித்துக்கா நான் ரெண்டு படி புளிசோறு கெளறினேன்!" என்று ஒரு அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். சாந்தி அக்கா ஒரு கோடு போட்டு என் பெயரை அடித்தார். சாதத்தை எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டோம். எனக்கு ஒவ்வொன்றிலும் அரை ஸ்பூன். அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

செல்வி மட்டும் சாப்பிடவில்லை. போகும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப என்ன மட்டும் வாயக் கட்டு, வாயக் கட்டுன்னு மாசா மாசம் திட்டுனீங்களே நர்சம்மா?"

5. செல்வி வராத புதன்கிழமை

அடுத்த புதன்கிழமை அவள் குழந்தைக்கு ஒன்பதாம் மாத ஊசி. அவள் வரவில்லை. நான் பயந்ததுதான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் பேச்சில் நம்பிக்கை போய், ஒரு குழந்தைக்கு ஊசி தவறினால் அது என்னால்தான். மதியம் நிலையத்தைப் பூட்டிவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனதில், வரப்பு முழுவதையும் எங்கும் நிற்காமல் கடந்திருக்கிறேன் என்பது அவள் வீட்டு மாட்டுக் கொட்டகை வந்த பிறகுதான் உறைத்தது.

செல்வி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன்.

"உனக்குச் சொன்னதையேதான் மூணு வருஷமா எனக்கும் சொல்லிக்கிட்டேன் செல்வி. எனக்கே நடக்கல. அது தெரிஞ்சும் உன்னத் திட்டுனேன். தப்புதான்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கோவம் இருந்திச்சு. ரெண்டு நாளு. அப்புறம் புள்ளைக்குச் சளி புடிச்சிக்கிச்சு, கோவப்பட நேரமில்ல. சளியோட ஊசி போடலாமான்னு தெரியல, அதான் வரல. நீங்க வேற மூஞ்ச இப்பிடி வச்சிக்கினு வர்றீங்க, பாக்கவே சிரிப்பா இருக்குது."

லேசான சளிதான், காய்ச்சல் இல்லை. மறுநாள் ஊசி போட்டாயிற்று. குழந்தை என் கையைக் கடித்தான்.

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. இப்போது எடை பார்க்கும்போது முதலில் நான் ஏறுகிறேன், எல்லோரும் பார்க்க. பிறகு அவர்கள். 'வாயைக் கட்டு' என்ற வார்த்தையை விட்டுவிட்டேன். "வீட்டுல இன்னா சமையல், யாரு கடைசியா சாப்பிடறது?" என்று கேட்கிறேன். மிச்சமானதை வீணாக்க மனமில்லாமல் கடைசியில் உட்கார்ந்து தின்று தீர்க்கிறவள் செல்வி என்பது அப்படிக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வருடம் எடை பார்த்தும் தெரிந்திருக்கவில்லை.

ஆனால் அவள் இப்போது வேறொன்றைக் கேட்கிறாள். "நானும் அந்த ஆபரேஷன் பண்ணிக்கலாமா?"

டாக்டரைப் பார்க்கலாம் என்று அழைத்துப் போனேன். இப்போதைக்கு அவசரமில்லை, சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு யோசிக்கலாம் என்றார் டாக்டரம்மா. வெளியே வந்ததும் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் சொன்னது இருக்கட்டும். நீங்க இன்னா சொல்றீங்க?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குக் கிடைத்ததை அவளுக்கு எப்படி மறுப்பேன்? செய்துகொள் என்றும் வரவில்லை. நிலத்து வேலை, இரண்டு பிள்ளைகள், கணவர் வெளியூரில். ஆயுசுக்கும் மாத்திரை, சென்னைக்குப் போய் வரும் டெஸ்டுகள். என் வீட்டில் கூடவே நின்ற இரண்டு பேர் அவள் வீட்டில் இல்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் அவள் சிரித்துக்கொண்டே கேட்கிறாள், "இன்னா நர்சம்மா, யோசிச்சீங்களா?" நானும் சிரித்துக்கொண்டே, "அடுத்த வாரம் சொல்றேன்" என்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இருப்பீர்கள். யோசித்துப் பார்த்து வேண்டாம் என்று விட்டவர்களும் இருப்பீர்கள். என் வேலையிலேயே என்னைவிட அனுபவம் உள்ள அக்காமார்களும் இருப்பீர்கள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் செல்வியிடம் என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.