மாலை கழற்றிய பிறகு நீட்டிய கிளாஸ்

போன தை மாதம், ஒரு ஞாயிறு மதியம். படப்பைக்கு அருகே நண்பனின் தோட்டத்தில் நாங்கள் நான்கு பேர் கூடியிருந்தோம். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அவனுக்குப் புது மெஷின் வந்திருந்தது. அதற்கான விருந்து.

எனக்கு ஐப்பசியிலிருந்து மனச்சோர்வுக்கு மாத்திரை. அதோடு மது கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். கார்த்திகை, மார்கழியில் சிரமமே இல்லை. வருடா வருடம் சபரிமலைக்கு மாலை போடுபவன் நான். மாலை போட்டவனை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். தையில் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது.

"மலைக்குத்தான் போயிட்டு வந்தாச்சே, இன்னும் இன்னா சாமி? புடி மச்சான்" என்று நண்பன் கிளாஸை நீட்டினான். சர்க்கரை, கல்லீரல் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். "மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடறேன். இது கூடாது" என்றேன்.

"பொண்டாட்டிக்கு பயம்னு நேரா சொல்லேன்!" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். கிளாஸை நீட்டியவன் மட்டும் சிரிக்கவில்லை.

சற்று நேரத்தில் மோட்டார் ரூம் பக்கம் என்னைத் தனியே அழைத்துப் போனான். "நானும் அந்த மாதிரி மாத்திரைதான் சாப்பிடறேன். ஆனா உஷாரு. சனி, ஞாயிறு மாத்திரைய நிறுத்திட்டுத்தான் குடிப்பேன்" என்றான் பெருமையாக. பிறகு குரல் இறங்கியது. "திங்கக்கெழம மெஷின் முன்னாடி நின்னா கண்ண இருட்டிக்கினு வருது. போன வாரம் கை உள்ள போவப் பாத்துச்சுடா."

டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை அப்படியே சொன்னேன். ஓரிரு நாள் விட்டால் மருந்து உடம்பைவிட்டுப் போய்விடாது. மதுவோடு சேர்ந்தால் மயக்கமும் தடுமாற்றமும் கூடும், மனமும் இன்னும் சோர்ந்துபோகும். மாத்திரையை நினைத்தபோது நிறுத்துவது தனிக் கெடுதல்.

அவன் இன்னும் வாய் வைக்காத கிளாஸைத் தென்னை மரத்தடியில் கவிழ்த்தான். "இந்த மரத்துக்கு மாத்திரை கீத்திரை கிடையாதில்ல?" என்றான்.

மறுநாள் பட்டறைக்குப் போகவிடாமல் அவனுடைய டாக்டரிடம் அழைத்துப் போனேன். குடிப்பதையும், மாத்திரையை விடுவதையும் ஒளிக்காமல் சொன்னான். அவர் திட்டவில்லை. தலைசுற்றல் நிற்கும்வரை மெஷினைத் தொடக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி, சிகிச்சையை ஒழுங்குபடுத்தினார். இப்போது பத்து விரல்களோடு தெம்பாக வேலை செய்கிறான்.

அன்று நான் சர்க்கரை என்று சொல்லியிருந்தால் அவன் வாய் திறந்தே இருக்க மாட்டான். அதனால்தான் இன்றும் யார் கிளாஸை நீட்டினாலும், குரலைத் தாழ்த்தாமல் உண்மைக் காரணத்தையே சொல்கிறேன்.